சாய்ந்து நிற்கும் தடித்த எழுத்து

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையைப் பற்றிப் பேச என்னினும் தகுதியுடையோர் இந்த அவையில் பலர் இருக்கின்றனர். கவிதை அச்சேறும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி மட்டும் சில சொற்கள் சொல்கிறேன் என்று செயலாளரிடம் கேட்டுக்கொண்டேன். "எழுத்துகளைப் பற்றித்தானே, தாராளமாகப் பேசுங்கள்" என்றார். நம் அவையில் எழுத்துகள் என்றால் படைப்புகள் என்று பொருள். நான் பேச வந்ததோ உண்மையிலேயே எழுத்துகளைப் பற்றி, அதாவது வரிவடிவத்தைப் பற்றி. அதிலும் ஒரே ஒரு வகை. தடித்து, வலப்பக்கம் சாய்ந்து, கோட்டு முனைகளில் எந்த அணியும் இல்லாமல் நிற்கும் உரோமன் எழுத்து.

இவ்வளவு குறுகிய பொருளை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று கேட்பீர்கள். காரணம் ஒரு குற்ற உணர்ச்சி. நம் வட்டத்துக் கவிஞர் ஒருவரின் முதல் தொகுதிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மெய்ப்புத் திருத்தமும் பக்க அமைப்பும் செய்து கொடுத்தேன். அதில் தாயின் மறைவைப் பற்றிய கவிதை ஒன்று இருந்தது. கடைசி அடியில் மூன்றே சொற்கள். அந்த மூன்று சொற்களும் என்னைக் கலங்க வைத்தன. படிப்பவர் அவற்றைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்ற ஆர்வத்தில், கணிப்பொறியில் அந்த அடியை மட்டும் தடிக்க வைத்துச் சாய்த்தும் விட்டேன். கவிஞரைக் கேட்கவில்லை. புத்தகம் கட்டாகி வந்த அன்று அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தில் நின்றார். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அம்மாவுக்கே கேட்காதபடி சொன்ன வரி ஐயா இது. நீங்கள் மைக் பிடித்துச் சொல்லிவிட்டீர்கள்."

ஐந்நூறு படிகள். அத்தனையிலும் அந்த வரி கூவிக்கொண்டுதான் இருக்கிறது.

அன்று தொடங்கித்தான் இந்த எழுத்தின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்கலானேன். படிக்கப் படிக்க வியப்பாக இருந்தது. தடிப்பு, சாய்வு, அணியின்மை ஆகிய மூன்று குணங்களும் ஒரே வீட்டில் பிறந்தவை அல்ல. ஒரே நூற்றாண்டில் பிறந்தவையும் அல்ல.

மூத்தது சாய்வு. வெனிசு நகரத்தில் ஆல்டஸ் மனூசியஸ் என்ற அச்சகத்தார் 1501ஆம் ஆண்டு வெர்ஜிலின் கவிதைகளைக் கைக்கடக்கமான சிறு நூலாக வெளியிட்டார். அதற்கு எழுத்து வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அக்காலத்து அறிஞர்களின் விரைவான கையெழுத்தை மாதிரியாக வைத்துச் செய்த எழுத்து அது. அந்த நூல் முழுவதுமே சாய்வெழுத்தில் அமைந்தது என்பதைக் கவிஞர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன். ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்டும் வேலை அதற்கு அன்று இல்லை. கவிதை முழுவதையும் ஒரே குரலில் சொல்லும் எழுத்தாகத்தான் சாய்வு பிறந்தது. பெரிய எழுத்துகள் மட்டும் அந்த நூலில் நேராகவே நின்றன; அவற்றையும் சாய்ப்பது பின்னால் வந்த வழக்கம். நேரெழுத்துக்கு ஏவல் செய்பவனாக, நூற்பெயரையும் அயற்சொல்லையும் அழுத்தம் பெறும் சொல்லையும் சுட்டுபவனாகச் சாய்வெழுத்து தாழ்ந்தது அதற்கும் பிந்திய கதை.

அடுத்தது அணியின்மை. உரோமன் எழுத்தின் கோடு முடியும் இடத்தில் பாதம்போல் ஒரு சிறு குறுக்குக் கோடு இருக்கும். அதற்குச் செரிஃப் என்று பெயர். அது இல்லாத எழுத்தைச் சான்ஸ் செரிஃப் என்பார்கள். நான் எனக்குள் 'மொட்டை எழுத்து' என்று சொல்லிக்கொள்வேன். தடித்ததைக் கொட்டை எழுத்து என்று நம் மக்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். ஆகவே கொட்டை, மொட்டை என்று எதுகையும் அமைந்துவிடுகிறது. இந்த மொட்டை எழுத்து 1816ஆம் ஆண்டு இலண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லனின் எழுத்து மாதிரி நூலில் பெரிய எழுத்துகளாக மட்டும் முதலில் தலைகாட்டியது. அடுத்த இருபது ஆண்டுக்குள் இங்கிலாந்தின் வார்ப்பகம் ஒன்று அதற்குச் சூட்டிய பெயரின் பொருள், 'விகாரமானது' என்பது. விற்பவரே தம் சரக்கை விகாரம் என்று சொல்லி விற்றது வணிக வரலாற்றில் அரிதாகத்தான் இருக்கும்.

தடிப்பு தொழிற்புரட்சியின் பிள்ளை. சுவரொட்டியும் துண்டறிக்கையும் பெருகிய நகரத் தெருவில், தொலைவிலிருந்து கண்ணை இழுக்க எழுத்து பருத்தது. 1845இல் இலண்டன் வார்ப்பகத்தார் இராபர்ட் பெஸ்லி, கிளாரண்டன் என்ற எழுத்தைப் பதிவு செய்தார். அகராதியில் தலைச்சொல் மட்டும் பக்கத்திலிருந்து எழுந்து தெரிய அது உதவியது. பதிவு உரிமை மூன்று ஆண்டுக்குத்தான். அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் பாய்ந்தன.

இனி நான் சொல்லப் போகும் எழுத்துக்கு வருகிறேன். அதன் பெயர் ஃபியூச்சுரா; எதிர்காலம் என்பது பொருள். செருமானியர் பால் இரென்னர் (1878 - 1956) வரைந்தது. பிராங்ஃபர்ட் நகரத்துப் பவர் வார்ப்பகம் 1927இல் வெளியிட்டது. வட்டம், நேர்க்கோடு, முக்கோணம் என்ற அடிப்படை வடிவங்களில் சிற்றெழுத்துகளை நிறுத்த முயன்றார் இரென்னர். முதல் வரைவுகளில் துணிச்சல் இன்னும் அதிகம். 'ஆர்' என்ற சிற்றெழுத்து ஒரு கோடும் அருகே ஒரு புள்ளியுமாகவே இருந்தது. அவற்றை வெட்டிச் சமன் செய்த பிறகே நூலுக்கு ஏற்ற எழுத்து கிடைத்தது. பெரிய எழுத்துகளின் அளவுகளையோ பண்டை உரோமானியர் கல்வெட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். புதுமை என்று பெயர் வாங்கிய ஒன்றின் பாதி இரண்டாயிரம் ஆண்டுப் பழமை.

இரென்னர் மியூனிக்கில் அச்சுக்கலைப் பள்ளியின் தலைவராக இருந்தவர். நாசிகளின் பண்பாட்டுக் கொள்கையைக் கண்டித்து 1932இல் சிறுநூல் ஒன்று எழுதினார், சுவிட்சர்லாந்தில் வெளியாயிற்று. 1933இல் கைது செய்யப்பட்டார், பதவியும் போயிற்று. அவர் வரைந்த எழுத்தோ போனவிடமெல்லாம் வாழ்ந்தது. 1969இல் நிலவில் விட்டு வந்த அப்பல்லோ 11இன் உலோகத் தகட்டிலும் ஃபியூச்சுராதான் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இந்த எழுத்தைச் சாய்க்கும்போது ஒரு நுட்பமான சிக்கல் எழுகிறது. பழைய நூலெழுத்தில் சாய்வு என்பது வெறும் கோணம் அல்ல. எழுத்தின் வடிவமே மாறும். 'ஏ' என்ற சிற்றெழுத்து நேராக நிற்கையில் மேலே ஒரு கூரையும் கீழே ஒரு வயிறுமாக இருக்கும். சாய்ந்ததும் கையெழுத்தைப்போல் ஒற்றை வயிறாகிவிடும். 1928இல் வந்த கில் சான்ஸ் என்ற மொட்டை எழுத்திலும் இம்மாற்றத்தைக் காணலாம். ஃபியூச்சுராவில் அந்த 'ஏ' நேராக நிற்கும்போதே வட்டமும் கோலும்தான். மாறுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே அது வடிவம் மாறாமல் உடல் மட்டும் சாய்கிறது. ஆங்கிலத்தில் இந்த வகையை ஆப்ளிக் என்று பிரித்துச் சொல்வார்கள்.

வடிவம் மாறாதென்றால் வேலை எளிதுதானே என்று எண்ண வேண்டா. ஒரு வளையத்தை வரைந்து வலப்பக்கம் தள்ளிச் சாய்த்துப் பாருங்கள். மேல் வலப்புறமும் கீழ் இடப்புறமும் கோடு தடித்துவிடும். மற்ற இரு மூலைகளும் மெலிந்துவிடும். பாதி ஊதிப் பாதி வற்றிய வட்டம். கண் அதைக் காரணம் தெரியாமலே வெறுக்கும். தடித்த எழுத்தில் இந்தக் குறை இரட்டிப்பாகும். வட்டமும் கோலும் சேரும் மூட்டுகளில் மை தேங்கிக் கறுப்புக் கட்டியாகும். தேர்ந்த வரைஞர் அந்த மூட்டுகளை உட்புறமாகச் சீவி, ஊதிய இடத்தைக் குறைத்து, வற்றிய இடத்தை நிரப்பிக் கண்ணை ஏமாற்றுவார். பார்க்கச் சரியான வட்டமாகத் தோன்ற வேண்டுமானால் அளவுகோலுக்கு அது தவறான வட்டமாக இருந்தாக வேண்டும். கணிப்பொறிப் பொத்தானுக்கு இந்தப் பக்குவம் கிடையாது. அது தள்ளிவிட்டுப் போய்விடும்.

ஃபியூச்சுராவின் தடித்த சாய்வுக்குப் புகழ் தேடித் தந்தவர் அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகர். 1945இல் நியூவார்க் நகரில் பிறந்தவர். 1960களின் பிற்பகுதியில் மகளிர் இதழ் ஒன்றில் பக்க வடிவமைப்பாளராகப் பணிபுரிந்தார். 1970களில் கவிதையில் ஈடுபாடு கொண்டு கவிதை வாசிப்புகளுக்குச் சென்று வந்தவர் என்பது நமக்கு வேண்டிய செய்தி. பழைய இதழ்களிலிருந்து கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்துப் பெரிதாக்கி, அவற்றின் மேல் சிவப்புப் பட்டைகளில் வெள்ளை எழுத்தாகச் சில சொற்களைப் பொறிப்பது அவர் முறை. அந்த எழுத்து பெரும்பாலும் ஃபியூச்சுராவின் தடித்த சாய்வுதான். 1989இல் வாசிங்டனில் கருக்கலைப்பு உரிமைக்காக நடந்த பெண்கள் பேரணிக்கு அவர் செய்த சுவரொட்டி உலகறிந்தது. ஒரு பெண்ணின் முகம் நடுவே பிளந்து ஒரு பாதி இயல்பாகவும் மறு பாதி நிழற்பட எதிர்வடிவமாகவும் இருக்கும். அவள் உடலே போர்க்களம் என்று அவளிடமே சொல்லும் சொற்கள் முகத்தின் மேல் ஓடும்.

ஏன் அந்த எழுத்து? முதற்காரணம் அச்சுத் தொழில் சார்ந்தது. சிவப்பில் வெள்ளை எழுத்து என்றால் எழுத்து அச்சாவதில்லை. அதைச் சுற்றியுள்ள நிறம்தான் அச்சாகிறது. மை சற்றே பரவினாலும் மெல்லிய கோடுகள் மூடிக்கொள்ளும். செரிஃப் முதலில் அழியும். கொட்டையும் மொட்டையுமான எழுத்து அந்த வெள்ளத்தில் தப்பிக்கும். மட்டமான தாளில் துண்டறிக்கை அடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மற்றொரு காரணம் குரல் சார்ந்தது. தடித்த எழுத்து நேராக நின்றால் அது அறிவிப்புப் பலகை; அரசாணைபோல் அசையாமல் நிற்கும். அதையே சாய்த்தால் முன்னே ஓரடி எடுத்து வைத்து நம்மை நோக்கி வருவதுபோல் இருக்கிறது. விளையாட்டுச் சட்டையிலும் பந்தயக் காரிலும் அவ்வெழுத்தை விரும்பிப் போடுவது அந்த வேகத்துக்காகத்தான். குரூகரின் சொற்களோ பெரும்பாலும் முன்னிலைச் சொற்கள்: நீ, உன், உனக்கு. படர்க்கையில் ஒரு கதை சொல்லும் எழுத்தாக அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சாய்வு அங்கே ஒரு சொல்லுக்கு அழுத்தம் தரும் குறி அல்ல. சொற்கள் எல்லாமே சாய்ந்திருப்பதால் எதுவும் தனித்துத் தெரிவதில்லை. முழு வாக்கியமும் ஒரே குரலாகிறது. ஆல்டஸின் வெர்ஜிலுக்கும் இதற்கும் நடுவே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள். ஆயினும் சாய்வெழுத்தை முழுக் குரலாக எடுத்துக்கொண்ட வகையில் இருவரையும் ஒரே வரிசையில் வைக்கத் தோன்றுகிறது.

இதற்கு ஒரு வேடிக்கையான பின்கதை உண்டு. நுகர்வு மோகத்தை எள்ளி 1987இல் குரூகர் செய்த படைப்பு ஒன்று பெரும்புகழ் பெற்றது. 1994இல் நியூயார்க்கில் தொடங்கிய சுப்ரீம் என்ற உடை நிறுவனம், சிவப்புப் பெட்டியில் வெள்ளை ஃபியூச்சுராச் சாய்வெழுத்தையே தன் சின்னமாக்கிக்கொண்டது. வாங்குவதை எள்ளிய எழுத்தைச் சட்டையில் வாங்க இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். 2013இல் அந்தச் சின்னத்தைக் கேலி செய்த இன்னொரு நிறுவனத்தின் மேல் சுப்ரீம் வழக்குத் தொடுத்தது. இதழொன்று குரூகரிடம் கருத்துக் கேட்டபோது, எல்லாத் தரப்பையும் சேர்த்து நகையாடி ஒரு சிறு பதில் எழுதி அனுப்பிவிட்டார். எழுத்து யாருக்கும் சொந்தமில்லை. குரலும் அப்படித்தானா என்பது கவிஞர்கள் விவாதிக்க வேண்டியது.

கணிதத்தில் இதே எழுத்து வேறொரு வேலை செய்கிறது. அங்கே அதற்குக் கூச்சலே கிடையாது. சாய்ந்த மெல்லெழுத்து ஓர் அளவைக் குறிக்கும். தடித்த சாய்வு திசையும் உடைய வெக்டரைக் குறிக்கும். தடித்து, சாய்ந்து, மொட்டையாகவும் இருந்தால் அது டென்சர் என்று அனைத்துலகத் தர விதிகள் பரிந்துரைக்கின்றன. ஒரே எழுத்து, உடை மாறினால் பொருள் மாறுகிறது. இதற்காகவே 2001இல் யூனிகோடில் இவ்வகை எழுத்துகளுக்குத் தனித்தனி எண்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றை இன்று சிலர் தம் பெயரை அலங்காரமாக எழுதப் பயன்படுத்துகிறார்கள். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் கருவிகள் பல, அதைப் பெயராக வாசிக்காமல், 'கணிதத் தடித்த சாய்வு இன்ன எழுத்து' என்று ஒவ்வோரெழுத்தாக ஓதுகின்றன. அல்லது வாய் மூடிக் கடந்துவிடுகின்றன. கண்ணுக்கு அழகு செய்யப்போய்க் காதுக்குப் பெயரே இல்லாமற் போகிறது.

நம் மொழிக்கு வருகிறேன். நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த எங்கள் ஊர் அச்சகத்தில் சாய்ந்த தமிழ் எழுத்து கிடையாது. மெல்லெழுத்து, கொட்டை எழுத்து, அவ்வளவுதான். கணிப்பொறி வந்தபின் நமக்கும் சாய்க்கும் பொத்தான் கிடைத்தது. ஆங்கிலத்துக்கு இருக்கிறது, நமக்கும் வேண்டும் என்ற ஆசை; வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 'ப' பெட்டிபோல் நிற்கும் எழுத்து. சாய்த்தால் காற்றில் சரிந்த பந்தல். 'ட' தன் செங்கோணத்தை இழந்து தள்ளாடும். தடிக்கவும் வைத்தால் சுழிகள் அடைபடும். சிறிய அளவில் இரண்டு சுழி னகரமும் மூன்று சுழி ணகரமும் ஒரே கறுப்பாகத் தெரியும். மனம் மணமாகும், மணம் மனமாகும். கவிதையில் இதைவிடப் பெரிய அச்சுப்பிழை உண்டா? தமிழுக்கென்றே பொறுமையாகச் சாய்வு வரைந்தால் நன்றாக அமையக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. பொத்தானைத்தான் குறை சொல்கிறேன்.

ஆனால் அடிப்படையில் ஒரு கேள்வி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'அவன் வந்தான்' என்ற வாக்கியத்தில் 'அவன்' என்பதை அழுத்த வேண்டுமானால் பேசுபவர் குரலை உயர்த்துவார். எழுதுபவர் அச்சொல்லைச் சாய்ப்பார். நாம் 'அவனே வந்தான்' என்போம். 'அவன்தான் வந்தான்' என்போம். 'அவனும் வந்தான்' என்போம். மூன்றும் மூன்று அழுத்தங்கள். தேற்ற ஏகாரம் என்றும் பிரிநிலை ஏகாரம் என்றும் நம் இலக்கணம் பெயரிட்டு வைத்திருக்கிறது. சொல்லை முன்னே பின்னே மாற்றிப் போட்டும் அழுத்தம் தரலாம். ஆங்கிலக் கதையை மொழிபெயர்ப்போர், மூலத்தில் சாய்ந்த சொல்லைத் தமிழிலும் அப்படியே சாய்த்து வைப்பதைப் பார்க்கிறேன். ஓர் ஏகாரம் போட்டால் முடிகிற வேலை அது. சாய்வு செய்யும் வேலையை நம் மொழி சொல்லுக்குள்ளேயே செய்துகொள்கிறது. கவிஞர் ஏகாரம் போடவில்லையென்றால் அழுத்தம் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார் என்றே பொருள். அந்தத் தாயின் கவிதையில் கடைசி அடியில் ஏகாரமும் இல்லை, 'தான்' என்பதும் இல்லை. நான் அதைப் படித்தேன், ஆனால் கவனிக்கவில்லை.

தடித்த சாய்வெழுத்தே தீது என்று நான் சொல்ல வரவில்லை. குரூகர் தம் சொற்களை எழுதும்போதே அவை எந்த எழுத்தில், எந்தச் சிவப்பில் நிற்கும் என்று அறிந்து எழுதினார். சொல் குறுகியதும் முன்னிலையானதும் அந்த எழுத்தை மனத்தில் வைத்துத்தான். நம் இளைஞர்கள் சிலர் சுவருக்கென்றும் பதாகைக்கென்றும் கவிதை எழுதுகிறார்கள். அவர்கள் தாராளமாக அந்த எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். சொல்லப் போனால் அவர்களில் சிலருடைய வரிகள் நூலெழுத்தில் வாடிப்போகின்றன. கவிதை முடிந்த பிறகு, கவிஞரைக் கேளாமல், வேறொருவர் வந்து அவர் வாயில் ஒலிபெருக்கியைச் செருகுவதுதான் நான் செய்த பிழை.

இந்த மலரின் எழுத்தமைப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். அட்டையில் வட்டத்தின் பெயர் தடித்து நிற்கும். உரோமன் எழுத்தில் ஆண்டைக் குறிக்கும் ஒரு சிறு பட்டையில் மட்டும் ஃபியூச்சுராவின் தடித்த சாய்வைப் போட அனுமதி கேட்டிருக்கிறேன். அத்தனை நாள் அதனோடு பழகிய பாசம். உள்ளே கவிதைகள் அனைத்தும் நேரெழுத்து. தலைப்புக்கு மட்டும் ஓர் அளவு கூடுதல். அந்தக் கவிஞர் தம் தாயைப் பற்றிய கவிதையை இம்மலருக்கு மீண்டும் தந்திருக்கிறார். சென்ற வாரம் பக்கத்தை அவரிடம் காட்டினேன். மெய்ப்பை இம்முறை அவரே பார்த்தார். கடைசி அடிக்கு மேலே ஒரு வரி இடைவெளி விட்டிருந்தேன். பேனாவை எடுத்து அதையும் மூடிவிட்டுக் கையெழுத்திட்டார்.